ஏழாம் கட்டில் இன்னும் கண் விழிக்கவில்லை

பெயர் சின்ராசு. வயது இருபத்துமூன்று. தற்போதைய இருப்பிடம்?

இந்தக் கட்டத்தில்தான் சின்ராசுவின் பேனா நின்றுவிட்டது. ஊர் ராசிங்காபுரம். வேலை திருப்பூரில், பனியன் கம்பெனியில் பீஸ் செக்கிங். ஆனால் தற்போது இருப்பது போடிநாயக்கனூருக்கு வெளியே, மேற்குமலை நுரையீரல் ஆராய்ச்சி மற்றும் தீவிர சிகிச்சை மையத்தின் மூன்றாம் நம்பர் கவுன்ட்டர் முன்னால். தவறான தகவல் தந்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று படிவத்தின் தலையில் தடித்த எழுத்தில் போட்டிருந்ததால், "உங்களுக்கு எதிர்த்தாப்பில்" என்று எழுதிக் கொடுத்தான். கவுன்ட்டர்க்காரர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எதிரில்தான் இருந்தான். முத்திரை குத்தினார்.

உள்ளே ஏழாம் கட்டிலில் கிடப்பவர் அவன் அப்பா காசிமாயன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பச்சைக்காயைச் சூட்டில் உலர்த்துகிற அந்தக் கட்டடத்தின் அடுப்புக்கு இருபத்தைந்து வருஷமாக விறகு தள்ளுகிறவர். அடுப்பின் புகையில் பாதி புகைக்கூண்டு வழியாகவும் மீதி காசிமாயன் வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. இந்த மழைக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, மூச்சு இழுத்துக்கொண்டது. சின்ராசுவின் அம்மா பொன்னுமணிதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். மெஷின் அவருக்காக மூச்சு விட்டது. ஐந்து நாளில் சளி குறைந்தது, காய்ச்சல் நின்றது, மயக்க மருந்தையும் நிறுத்தினார்கள். காசிமாயன் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

"நெஞ்சு தெளிஞ்சிருச்சு," என்றார் டூட்டி டாக்டர் முத்துப்பிரியா. சின்ன வயசுப் பெண். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். "கண்ணத் தெறந்து, சொன்ன பேச்சக் கேட்டு, கைய ஒரு பிடி பிடிச்சாருன்னா அன்னைக்கே குழாய எடுத்துரலாம். வெள்ளிக்கெழமைக்குள்ள முழிக்கலைன்னா கழுத்துல தொளை போட்டு நீண்டகாலக் குழுவுக்கு மாத்திருவாங்க."

"அது எம்புட்டு நாளைக்கு டாக்டர்?"

"தொண்ணூறு நாளு. அது வேற ஆராய்ச்சி."

அன்றைக்குப் புதன்கிழமை.

கண் விழிக்காதவர்களை விழிக்கவைப்பதற்கென்றே மையத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. தீவிர சிகிச்சையில் கிடப்பவர் காதில் சொந்தக்காரர் குரல் விழுந்தால் சீக்கிரம் தெளிவு வருகிறது என்று வெளிதேசத்தில் பார்த்திருக்கிறார்களாம். இதைப் பொன்னுமணியிடம் சொன்னபோது, "இதுக்கு எதுக்குய்யா வெளிதேசம்? என்னைய உள்ள விடுங்க" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். அங்கேதான் சிக்கல். நேரில் பேசினால் ஆராய்ச்சி தீட்டுப்பட்டுவிடும். பதிவு செய்த குரல் மட்டும்தான், ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஸ்பீக்கர் வழியாக. அதற்கும் வாசிக்கத் தெரிந்த சொந்தம்தான் வேண்டுமாம், பொன்னுமணிக்கு வாசிக்கத் தெரியாது என்பதால்தான் திருப்பூரிலிருந்து சின்ராசு வர வேண்டியிருந்தது. ஆகவே நான்கு நாளாகப் பொன்னுமணி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். வாயில் மாஸ்க், மாஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கர்: 'பங்கேற்பாளர் உறவினர். பேச அனுமதி இல்லை.' கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது கிடையாது. காசிமாயன் விழிக்காமல் கிடப்பதே அந்த நிம்மதியில்தான் என்று ராசிங்காபுரத்தில் பேசிக்கொண்டார்கள்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் ராஜாராம், சின்ராசுவைத் தன் அறைக்கு வரவழைத்து வாழ்த்தினார். அறையின் நாலு சுவரிலும் சான்றிதழ்கள். ஜன்னல் இருந்த இடத்திலும் ஒன்று மாட்டியிருந்தது.

"மற்ற ஆஸ்பத்திரிகள் நோயாளிக்குச் சிகிச்சை கொடுக்கின்றன," என்றார் ராஜாராம். "அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நாங்கள் நோயாளியிடமிருந்து கற்றுக்கொள்கிறோம். சென்ற ஆண்டு மட்டும் நாற்பத்திரண்டு ஆய்வுக் கட்டுரைகள். குப்புறப் படுக்கவைப்பதால் வரும் நன்மை, ஒரு கட்டுரை. மல்லாக்கப் படுக்கவைப்பதால் வரும் நன்மை, இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்பது மூன்றாவது. அதற்குத்தான் விருது கிடைத்தது."

"சந்தோசம் சார்," என்றான் சின்ராசு. "அதுல எத்தன பேரு சார் வீட்டுக்குப் போனாங்க?"

ராஜாராம் கொஞ்சம் யோசித்தார். "நல்ல தலைப்பு. அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை."

பிறகு எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "உங்கள் தந்தை ஒரு மதிப்புமிக்க பங்கேற்பாளர் தம்பி. விழித்தால் எங்களுக்கு ஒரு கட்டுரை. விழிக்காவிட்டாலும் ஒரு கட்டுரை. எப்படியும் அவர் வீணாகப் போகமாட்டார்."

சின்ராசு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். இதற்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவனுக்கே விளங்கவில்லை. இவ்வளவு பெரிய டாக்டர், தோளில் வேறு கை வைத்திருக்கிறார்.

குரல் பதிவு செய்கிற அறையில் சுகன்யா இருந்தாள். ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர். சொந்த ஊர் தேவாரம். மைக்கை அவன் வாய்க்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், ஸ்கேல் வைத்து அளந்து வைத்தாள்.

சின்ராசுவுக்கு மைக் புதிதில்லை. நீளமாக எழுத அவனுக்கு வராது. எதுவானாலும் போனைப் பார்த்துப் பேசுவான், போனே எழுதிக்கொள்ளும், ராசிங்காபுரத்துக்கு அனுப்பிவிடுவான். சோறு தின்றது, தின்னாதது, திருப்பூரில் மழை, சூப்பர்வைசர் திட்டியது எல்லாம் அப்படித்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆகவே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"யப்பா, நாந்தேன்ப்பா சின்ராசு..."

"நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க," என்றாள் சுகன்யா. "நீங்களாப் பேசக் கூடாது. இதுல இருக்கத வாசிக்கணும்."

ஒரு தாளை நீட்டினாள். ஏழு பேர் கொண்ட நெறிமுறைக் குழு பதினோரு மாதம் உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்த வாசகம் அது. சின்ராசு சத்தமாக வாசித்தான்.

"மதிப்பிற்குரிய காசிமாயன் அவர்களுக்கு வணக்கம். தங்கள் மகன் கோடு மகள் கோடு துணைவர் கோடு பிறர் பேசுகிறேன்..."

"அண்ணே, மகன மட்டும் வச்சுக்கிட்டு மத்தத விட்ருங்க."

"தங்கள் மகன் பேசுகிறேன். தாங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பாதுகாப்பாக உள்ளீர்கள். அச்சம் கொள்ள வேண்டாம். தயவுசெய்து தங்கள் கண்களைத் திறக்கவும். ஒத்துழைப்புக்கு நன்றி." அவன் தாளை இறக்கினான். "ஏம்மா, எங்கப்பாவ நான் பொறந்ததுல இருந்து 'தாங்கள்'னு சொன்னதில்லம்மா. எங்கூர்ல யாரும் சொன்னதில்ல. 'யப்பா'ன்னு ஒரு வார்த்த மட்டும் சேத்துக்கிறேனே?"

"சேக்கலாம்ண்ணே. ஆனா கமிட்டி கூடணும். அடுத்த கூட்டம் தை மாசம்." சுகன்யா குரலைத் தாழ்த்தினாள். "போன தடவை ஒரு அக்கா 'மாமோய்'னு சேக்கச் சொல்லிக் கேட்டாங்க. மூணு மணி நேரம் விவாதம். கடைசில, நோயாளிக்குத் தேவையில்லாத கிளர்ச்சி வரும்னு தள்ளிட்டாங்க."

"கிளர்ச்சி வரணும்னுதானம்மா கூப்பிடுறோம்?"

"எனக்குத் தெரியுதுண்ணே," என்றாள் சுகன்யா. "நான் கமிட்டில இல்லையே."

அன்று மாலையிலிருந்து குரல் ஒலிக்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு வெளியே அம்மாவும் மகனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். 'மதிப்பிற்குரிய காசிமாயன் அவர்களுக்கு' என்றதும் காசிமாயனின் புருவம் ஒருமுறை சுருங்கியது. 'வணக்கம்' என்றதும் இமை இன்னும் இறுக மூடிக்கொண்டது. 'அச்சம் கொள்ள வேண்டாம்' என்ற இடத்தில் மெஷினில் நாடித் துடிப்பு ஏறியது.

பொன்னுமணி மாஸ்க்கை லேசாக இறக்கி, மகன் காதில் சொன்னாள். "பயப்படுறாருடா. லோன் கேட்டவன் எவனோ பேசுறான்னு நெனச்சுக்கிட்டாரு. வீட்லயும் இப்படித்தேன், தெரியாத குரலுன்னா போர்வைய இழுத்துப் பொத்திக்குவாரு."

"எங்குரலும்மா அது."

"உங்குரலு சரி. பேச்சு ஆரு பேச்சு?"

வியாழக்கிழமையும் ஆறு தடவை ஒலித்தது. ஆறு தடவையும் இமை இறுகியது. 'நிலையான பதிலின்மை' என்று சார்ட்டில் ஏறியது. அந்த வழியாகப் போன ராஜாராம் சார்ட்டைப் பார்த்து மகிழ்ந்து போனார். "பாருங்கள், எத்தனை சீராக இருக்கிறது! ஒரு புள்ளிகூட விலகவில்லை. இப்படி ஒரு பங்கேற்பாளர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்." நாளைக் காலை மையத்துக்குத் தரச்சான்று கொடுக்கிற மதிப்பீட்டுக் குழு வருகிறது, அவர்களுக்கு ஏழாம் கட்டிலையே செய்துகாட்டலாம் என்றும், மதியத்துக்கு மேல் கழுத்து ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவானது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் மையம் கல்யாண வீடு போல ஆகிவிட்டது. வாசலில் வாழைமரம். மதிப்பீட்டுக் குழுவில் மூன்று பேர், வெளியூரிலிருந்து. மூவருக்கும் ஏலக்காய் மாலை போட்டார்கள். பிறகு கிருமி பரவும் என்று மூன்று மாலையையும் கழற்றினார்கள். ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் நெருப்புக் கூடாது என்பதால் குத்துவிளக்கின் ஐந்து முகத்திலும் பேட்டரி பல்பு வைத்திருந்தார்கள். முக்கிய விருந்தினரான குழுத் தலைவர் அணைந்த மெழுகுவத்தியால் ஒவ்வொரு பல்பையும் தொட, பின்னால் நின்ற எலக்ட்ரீசியன் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டார். மூன்றாவது முகம் மட்டும் விருந்தினர் தொடுவதற்கு முன்பே எரிந்துவிட்டது. அதற்கும் கை தட்டினார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே, ஏழாம் கட்டிலின் தலைமாட்டில் நின்று ராஜாராம் பேசினார். கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து உறவினர்களையும் வாசலில் நிற்கவைத்திருந்தார்கள், பொதுமக்கள் பங்கேற்பு என்று அறிக்கையில் காட்ட வேண்டுமல்லவா?

"பெரியோர்களே! இந்த மலைத் தொழிலாளியின் நெஞ்சு நம் நாட்டின் பொக்கிஷம். அடுப்புப் புகை, பூச்சிமருந்து, மலைப்பனி, இந்த மூன்றும் ஒரே நுரையீரலில் கிடைப்பது உலகத்திலேயே அரிது. மற்ற தேசத்தார் எலிகளை வைத்துச் செய்கிறார்கள். நமக்கு இயற்கையே இந்த வாய்ப்பை வழங்கியிருக்கிறது. இந்தப் புகை உள்ளவரை இந்த மையத்தின் எதிர்காலம் பிரகாசமானது!"

பலத்த கைதட்டல். சின்ராசுவும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டான். பிறகு கையை உயர்த்தினான்.

"சார், ஒரு சந்தேகம். அந்த ஸ்டோருக்குப் புகைக்கூண்ட ஓட்டையில்லாம கொஞ்சம் ஒசத்திக் கட்டிவிட்டா இந்தச் சீக்கே வராதுல்ல சார்?"

ராஜாராம் கனிவாகச் சிரித்தார். "அது கொத்தனார் துறை தம்பி. நாங்கள் நுரையீரல் துறை."

ஸ்பீக்கர் ஒலித்தது. மதிப்பிற்குரிய காசிமாயன் அவர்களுக்கு வணக்கம். இமை இறுகியது. நாடி ஏறியது. "அமைதியைக் கவனியுங்கள்," என்றார் ராஜாராம், "எவ்வளவு ஆழமான பதிலின்மை!" மூன்று பேரும் குறித்துக்கொண்டார்கள். கழுத்து ஆபரேஷனுக்கான தட்டை மூடிய துணியோடு ஒரு நர்ஸ் மூலையில் கொண்டுவந்து வைத்தார்.

பொன்னுமணி அந்தத் தட்டைப் பார்த்தாள். புருஷனின் கழுத்தைப் பார்த்தாள். மாஸ்க்கைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு, திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள்.

"இந்தாய்யா! ஜீப்பு போயிருச்சுய்யா!"

ஏலத் தோட்டத்துக்குப் போகிற ஜீப்பைப் பற்றி நெறிமுறைக் குழுவின் ஏழு பேருக்கும் ஒன்றும் தெரியாது. விடிவதற்குள், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் வந்து நிற்கும். ரெண்டு ஆரன் அடிக்கும். மூன்றாவது ஆரன் கிடையாது. பதினாலு பேர் ஏறினாலும் பதிமூணு பேர் ஏறினாலும் அது பாட்டுக்குக் கிளம்பி மலையேறிவிடும். விட்டவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. காய்ச்சலில் கிடந்தாலும், பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுக் கிடந்தாலும், அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் மலைக்காரன் உடம்பு தானாக எழுந்துகொள்ளும். மனசு வருவது போடிமெட்டு தாண்டித்தான்.

காசிமாயனின் கண் படாரென்று திறந்தது. இடது கால் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் செருப்பைத் தேடியது. வலது கை தலைமாட்டில் துண்டைத் துழாவியது. துண்டு அகப்படாமல் மதிப்பீட்டுக் குழுத் தலைவரின் கழுத்து டை அகப்பட, அதை இழுத்துத் தலையில் கட்டப் பார்த்தார். அதற்குள் முத்துப்பிரியா ஓடிவந்து, "அய்யா, அய்யா, குழாய் இருக்கு, படுங்க. என் கையப் பிடிங்க!" என்று கையை நீட்டினார். ஜீப்புக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி அந்தக் கையை அவர் பிடித்த பிடியில் முத்துப்பிரியாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி பாதி, சந்தோஷம் பாதி.

காசிமாயன் மட்டுமல்ல. ஒன்பது நாளாக அசையாமல் கிடந்த மூன்றாம் கட்டில் தேவாரத்துக்காரரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மூக்கில் ஆக்சிஜன் மட்டும்தான், வாய் சும்மா இருந்தது. கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் பக்கத்தில் இருந்த மருந்துத் தள்ளுவண்டியை முழங்கையால் இடித்து, "அங்கிட்டுத் தள்ளி ஒக்காருய்யா, நானும் வரணும்ல!" என்றார்.

வாசலில் நின்ற உறவினர்கள் ஆர்ப்பரித்தார்கள். மலையாளத்து நர்ஸ் ஒருவர், "எண்டம்மே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். ராஜாராம் மட்டும் வெளுத்துப்போய் நின்றார்.

"ஒப்புதல் பெறாத வாக்கியம்," என்றார். "இரண்டு பங்கேற்பாளர்கள் கெட்டுப்போனார்கள்."

மதியம் குழாயை எடுத்தார்கள். மறுநாள் காலை காசிமாயன் நாலு இட்லி தின்றார். கரகரத்த குரலில், "சட்னில உப்புப் பத்தல" என்றார். பொன்னுமணி கட்டிலோரமாக நின்று ஆறு நாள் பாக்கியைப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள். முத்துப்பிரியா வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "இனி அடுப்புப் பக்கமே போகக் கூடாதுய்யா" என்று சொல்லி, அதையே ஃபைலிலும் எழுதினார். நூற்றுப்பத்துப் பக்க ஃபைலில் அப்பாவுக்குப் புரிந்த ஒரே வரி அதுதான்.

சின்ராசு டிஸ்சார்ஜ் கேட்டுப் போனான். மூன்றாம் நம்பர் கவுன்ட்டர்க்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ஏழாம் கட்டில் இன்னும் கண் விழிக்கலையே தம்பி."

"இட்லி தின்னுக்கிட்டு இருக்காரு சார்."

"இருக்கலாம். ஆனா ஒப்புதலான குரலுக்கு முழிச்சாத்தான் முழிச்ச கணக்கு. முழிக்காத நோயாளிய டிஸ்சார்ஜ் பண்ண விதி இல்ல. நேரா நீண்டகாலக் குழுதான்."

வேறு வழியில்லாமல், காசிமாயனை மறுபடி தூங்கவைத்து முறைப்படி விழிக்கவைப்பது என்று முடிவாயிற்று. ராஜாராமே நேரில் வந்து ஸ்டாப்வாட்சோடு நின்றார்.

முதல் தடவை, ஸ்பீக்கர் 'மதிப்பிற்குரிய' என்றதுமே காசிமாயன் கண்ணைத் திறந்து, "ஆருடா அது, கலெக்டர் ஆபீசா?" என்றார்.

"நாந்தேன்ப்பா," என்றான் பக்கத்தில் நின்ற சின்ராசு.

"நீயா? ஏன்டா, எழவுச் சேதி சொல்றவன் கணக்காப் பேசுற?"

வாக்கியம் முடிவதற்குள் விழித்ததால் செல்லாது என்று அடித்தார்கள். இரண்டாம் தடவை, 'ஒத்துழைப்புக்கு நன்றி' வரைக்கும் பல்லைக் கடித்துக் கிடந்தவர் கடைசியில் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அதுவும் செல்லாது. மூன்றாம் தடவை களைப்பில் நிஜமாகவே தூங்கிப்போனார். குரல் ஒலித்தது. இமை இறுகியது. கையெட்டும் தூரத்தில் இருந்த போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ராஜாராம் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். முகத்தில் பழைய ஒளி திரும்பியிருந்தது. "பார்த்தீர்களா? உடல்நலம் தேறிய பிறகும் அதே பதிலின்மை! என் முடிவு உறுதியாகிவிட்டது."

"அப்ப அந்த இட்லி சார்?" என்றான் சின்ராசு.

"அனிச்சைச் செயல்," என்றார் ராஜாராம். "நாளை நீண்டகாலக் குழுவுக்கு மாற்றுங்கள்."

சின்ராசு வராந்தாவில் சுவரோரம் குந்திவிட்டான். தொண்ணூறு நாள். அப்பா உள்ளே உட்கார்ந்து சட்னிக்கு உப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கழுத்தில் துளை போட்டுவிடுவார்களே. அப்போது சுகன்யா ஒரு கையேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, அவன் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணே, முழிச்ச நோயாளி போகணும்னா டைரக்டர் கையெழுத்து வேணும். ஆனா பக்கம் எண்பத்தாறுல ஒண்ணு போட்டிருக்கு. முழிக்காத நோயாளிய, நெருங்கின சொந்தக்காரங்க தன் பொறுப்புல வேற எடத்துக்கு மாத்திக்கிறலாம். உங்க கையெழுத்து ஒண்ணு போதும்."

சின்ராசு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"முழிக்கலைன்னு அவுங்கதானண்ணே எழுதியிருக்காங்க," என்றாள் சுகன்யா. "வெரசா."

'மாற்றப்படும் இடம்' என்ற கட்டத்தில் ராசிங்காபுரம் என்று எழுதினான். காசிமாயனை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மீதி இட்லி இருந்த டப்பாவை அவர் விடமாட்டேன் என்றதால் வயிற்றின் மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பொன்னுமணி மாஸ்க்கைத் தானாகவே எடுத்து மாட்டிக்கொண்டாள். வாய் திறந்தால் சிரித்துவிடுவோம் என்று பயம். வாசலில் செக்யூரிட்டி தாளை வாங்கிப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார்.

"மயக்கத்துல இருக்காரா?"

சின்ராசு தாளில் அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினான். கண்ணைத் திறக்காமல் காசிமாயனே சொன்னார்.

"ஆமாப்பா. நல்ல மயக்கம்."

செக்யூரிட்டி கேட்டைத் திறந்துவிட்டார்.

இப்போது காசிமாயன் அடுப்புப் பக்கம் போவதில்லை. எஸ்டேட்டில் சொல்லிக்கொண்டு, உலர்ந்த காயைத் தரம் பிரிக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மையத்திலிருந்து அவருக்குப் போன் வரும். தொடர் கண்காணிப்பு. பேசுவது சுகன்யா.

"ஏழாம் கட்டில் நோயாளி கண் முழிச்சிட்டாருங்களா?"

"இன்னும் இல்லத்தா," என்பார் காசிமாயன்.

"சரிங்கய்யா. ஒடம்பப் பாத்துக்கங்க."

"சரித்தா. நீயும் பாத்துக்க."

அவர் விழித்துவிட்டார் என்று தெரிந்தால், முறைப்படி விழிக்கவைக்க மறுபடி கூட்டிப்போய்விடுவார்கள். சின்ராசு திருப்பூருக்குத் திரும்பிவிட்டான், ஆனால் இந்த ஒரு பயம் மட்டும் அவனுக்குத் தீரவில்லை. ஆகவே இதை வாசிக்கிற எல்லோரிடமும் அவன் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ராசிங்காபுரம் விலக்கில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் டீ குடித்தபடி சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், பேசுங்கள், நீங்களும் ஒரு டீ குடியுங்கள். தயவுசெய்து மையத்துக்குப் போன் போட்டு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.